நான்கு குழி, நான்கு இருக்கை

மாலை விளக்கேற்றும் வேளையில், மீன்துறையின் ஆரவாரம் ஒருவாறு அடங்கிய பின்னர், ஜங்லிகாட் தெருக்களின் வழியே நடந்து செல்வோர் ஏதேனும் ஒரு தாழ்வாரத்திலிருந்து எழும் ஓர் ஓசையைக் கேட்டிருப்பர். காயோடு காய் மோதும் சிற்றோசை அது. அதனைத் தொடர்ந்து ஒரு நொடி அமைதி. பின்னர் நால்வர் ஒருங்கே எழுப்பும் குரல். தமிழில் சுண்டாட்டம் என்று பெயரிட்டு வழங்கினும், நம் நாவில் நிலைபெற்றுவிட்ட பெயர் கேரம் என்பதே.

இவ்வாட்டத்தைப் பற்றி ஆண்டு மலரில் எழுதுதற்கு என்ன உளது என்று சிலர் நகைக்கவும் கூடும். இலக்கியத்துக்கும் திருக்கோயிலுக்கும் குடியேற்ற வரலாற்றுக்கும் உரிய பக்கங்களை ஒரு பலகைக்கு ஈவதா என்பர். ஈயலாம் என்பதே என் கருத்து. வேலை தேடி வந்தவரும், பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் பெயர்ந்து வந்தவரும், மாவட்டத்தால் வேறுபட்டவரும், தொழிலால் வேறுபட்டவரும் ஒரே குடியிருப்பில் அண்டை வீட்டாராகும்போது, முதல் நாளிலேயே அவர்கள் ஒருவர் வீட்டில் ஒருவர் உண்பதில்லை. ஆயினும் ஒரு பலகையைச் சுற்றி அமர்ந்துவிடுகின்றனர். ஒருவர்க்கொருவர் பெயர் தெரியுமுன்னரே இணை சேர்ந்து ஆடுகின்றனர். ஒரு சங்கம் செய்ய முயலும் பணியில் ஒரு பகுதியை இப்பலகை ஓசையின்றிச் செய்துவிடுகிறது. அப்பலகையில் யார் அமரலாம், யார் நின்று பார்க்க வேண்டும் என்னும் வினாவே இவ்வகை ஆட்டங்களின் வரலாறு முழுவதும் தொடர்ந்து வருவது. அவ்வினாவைப் பற்றிக்கொண்டு வரலாற்றில் சற்றுப் பின்னோக்கிச் செல்வோம்.

கோலால் பந்தைத் தள்ளி, மேசையின் ஓரத்துப் பைகளில் வீழ்த்தும் ஆட்டங்களைக் கேரத்திற்கு மூத்த உறவு எனலாம். பில்லியர்ட்ஸ், பூல், ஸ்னூக்கர் என்பன அவற்றின் பெயர்கள். இவற்றுள் பூல் என்னும் சொல்லின் பொருள் பலர் அறியாதது. அஃது ஆட்டத்தின் பெயரன்று, பணத்தின் பெயர். ஆடுவோர் ஒவ்வொருவரும் ஒரு தொகையைப் பொதுவில் வைப்பர். அப்பொதுத்தொகையே பூல் எனப்பட்டது. நம்மவர் சீட்டுக் கட்டும்போது பொதுவில் இடும் தொகையை ஒத்தது என்று கொள்ளலாம். பழைய பூல் ஆட்டங்களுள் ஒன்றில் ஒவ்வொருவருக்கும் தனி நிறமுடைய பந்து ஒன்றும் மூன்று உயிர்களும் உண்டு. தன் பந்து பையில் வீழும்தோறும் ஓர் உயிர் போம். மூன்றும் போனவர் விலக, கடைசிவரை நின்றவர் பொதுத்தொகையை அள்ளிக்கொண்டு செல்வார். பின்னாளில் அமெரிக்காவில் குதிரைப் பந்தயச் சூதாட்ட விடுதிகளுக்குப் பூல் அறை என்று பெயர் வழங்கிற்று. பந்தய முடிவுக்காகக் காத்திருப்போர் பொழுதுபோக்க அங்கே மேசைகள் இடப்பட்டன. விடுதியின் பெயர் மேசைக்கும் ஒட்டிக்கொண்டது. அதனோடு விடுதியின் கெட்ட பெயரும் ஒட்டிக்கொண்டது என்பதை நினைவிற் கொள்க. பின்னர் அது பயன்படும்.

1875-ஆம் ஆண்டு. மத்திய இந்தியாவில் ஜபல்பூர் என்னும் ஊரில் டெவன்ஷயர் படைப்பிரிவு தங்கியிருந்தது. மழைக்காலம், படை அதிகாரிகள் வெளியே செல்ல வழியின்றி மேசையைச் சுற்றியே பொழுதைக் கழித்தனர். அவர்களுள் நெவில் சேம்பர்லேன் என்னும் இளம் அதிகாரி, கறுப்புப் பந்து கொண்ட பூல் ஆட்டத்தில் மேலும் சில நிறப்பந்துகளைச் சேர்த்துப் பார்த்தார். பின்னாளில் ஹிட்லரோடு மியூனிக் உடன்பாடு செய்த ஆங்கிலப் பிரதமரும் இதே பெயரினர். அவர் வேறு, இவர் வேறு. புதிய ஆட்டத்துக்குப் பெயர் வந்த வகை வேடிக்கையானது. இங்கிலாந்தில் ஊலிச் என்னும் ஊரிலிருந்த படைப்பள்ளியில் முதலாண்டு மாணவனை ஏளனமாக ஸ்னூக்கர் என்பர். அச்செய்தியை ஒரு விருந்தினர் சொல்லக் கேட்டிருந்த சேம்பர்லேன், எளிய பந்தொன்றைத் தவறவிட்ட தோழரை அப்பெயரால் அழைத்தார். அவர் முகம் வாடியது கண்டு, இவ்வாட்டத்தில் நாம் எல்லோருமே ஸ்னூக்கர்கள்தாம் என்று ஆற்றினார். கற்றுக்குட்டி என்பது பொருள். உலகின் பெரும்பரிசுகள் பெறும் ஆட்டக்காரர்கள் இன்றளவும் கற்றுக்குட்டி என்னும் பெயருடைய ஆட்டத்தையே ஆடி வருகின்றனர்.

சேம்பர்லேன் பின்னர் ஆப்கானியப் போரில் காயமுற்று, சென்னை மாகாணப் படைத்தலைவர் சர் பிரெடரிக் ராபர்ட்ஸ் என்பவரின் பணியாளர் குழுவிற் சேர்ந்தார். வெயிற்காலத்தில் மாகாண அரசே உதகமண்டலத்துக்கு ஏறிவிடும் வழக்கம் அந்நாளில் இருந்தது. படைத்தலைவரோடு சேம்பர்லேனும் ஏறினார். அவரோடு அவர் ஆட்டமும் ஏறிற்று. உதகை மன்றத்தின் பில்லியர்ட்ஸ் அறையில் 1882-ஆம் ஆண்டில் ஸ்னூக்கர் விதிகள் வரையப்பெற்றுச் சுவரில் ஒட்டப்பட்டன. பதினைந்து சிவப்புப் பந்துகள், சில நிறப்பந்துகள், ஒன்றன்பின் ஒன்றாக வீழ்த்தும் முறை ஆகியன அங்கேதான் எழுத்தில் ஏறி உறுதி பெற்றன. ஜான் ராபர்ட்ஸ் என்னும் ஆங்கிலப் பில்லியர்ட்ஸ் வீரர் 1885-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் சேம்பர்லேனைச் சந்தித்து, ஆட்டத்தைக் கேட்டறிந்து தம் நாட்டுக்குக் கொண்டு சென்றார். தாமே இவ்வாட்டத்தைத் தோற்றுவித்தவர் என்று சேம்பர்லேன் ஓர் ஆங்கில இதழுக்கு எழுதியது 1938-ஆம் ஆண்டில். அப்போது அவர்க்கு அகவை எண்பதைக் கடந்திருந்தது.

சேம்பர்லேனுடைய பெயர் நமக்குத் தெரிகிறது. அவர் மேசையைத் துடைத்தவர் பெயர் தெரியவில்லை. அக்காலத்து வெள்ளையர் மன்றங்கள் பெரும்பாலும் இந்தியரை உறுப்பினராக ஏற்றதில்லை. ஆனால் இந்தியர் இன்றி அம்மன்றங்கள் ஒரு நாளும் நடந்ததில்லை. பில்லியர்ட்ஸ் அறையில் மார்க்கர் என்று ஒருவர் இருப்பார். கோல்களைச் செப்பனிடுவார், பந்துகளை எடுத்து வைப்பார், எண்ணிக்கையை உரக்கச் சொல்வார், துணையின்றி வந்த துரைக்குத் துணையாக ஆடுவதும் உண்டு. ஆட்டத்தின் நுட்பம் முழுவதையும் கற்றவர் அவர். ஆயினும் போட்டிப் பட்டியலில் அவர் பெயர் ஏறாது. தமிழ்நிலத்தின் மலையுச்சியில் விதி பெற்ற ஆட்டத்தைத் தமிழர் முதலிற் கண்டது எண்ணிக்கை சொல்லும் இடத்தில் நின்றுதான் என்று கருத இடமுண்டு.

இந்நிலை மலைக்கு மட்டும் உரியதன்று. நம் கண்ணெதிரேயே அதன் எச்சம் கிடக்கிறது. இன்று நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு என வழங்கும் பழைய ராஸ் தீவுக்குக் குழந்தைகளை அழைத்துச் சென்றவர்கள், ஆலமர வேர்கள் பற்றிய சுவர்களின் நடுவே கீழ்நிலை அலுவலர் மன்றம் என்னும் கட்டடத்தின் இடிபாட்டைக் கண்டிருப்பர். 1858-ஆம் ஆண்டில் தொடங்கிய கைதிகள் குடியேற்றத்தின் தலைமையிடம் அத்தீவு. அங்கே ஆளவந்தோருக்குள்ளேயே மேலோர் ஓரிடத்திலும் கீழோர் ஓரிடத்திலும் பொழுதுபோக்கினர். இருவரும் ஒரே கப்பலில் வந்தவர்கள்; ஒரே காய்ச்சலுக்கு அஞ்சியவர்கள்; ஆயினும் ஒரே மேசையில் ஆடாதவர்கள். கைதியின் பேச்சையோ எடுக்கவே வேண்டா. அவ்வழியே செல்லும்போதெல்லாம், நம் சங்கங்களில் அப்படியொரு பெயர்ப்பலகை கண்ணுக்குத் தெரியாமல் தொங்குகிறதோ என்னும் ஐயம் எனக்கு எழுவதுண்டு.

நிற்க. மேசை ஆட்டம் நெடுங்காலம் துரைமார் கையிலேயே இருந்துவிடவில்லை. புனேயிற் பிறந்த வில்சன் ஜோன்ஸ் 1958-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் உலகப் பொழுதுபோக்கு ஆட்டக்காரர் பில்லியர்ட்ஸ் பட்டத்தை வென்றார். 1964-ஆம் ஆண்டில் நியூசிலாந்தில் மீண்டும் வென்றார். விடுதலை பெற்ற இந்தியாவுக்குத் தனியாள் விளையாட்டில் கிடைத்த முதல் உலகப் பட்டம் அதுவேயாகும். உதகைச் சுவரில் விதி ஒட்டப்பட்ட 143 ஆண்டுகளுக்குப் பின்னர், 2025-ஆம் ஆண்டு நவம்பரில், சென்னையைச் சேர்ந்த அனுபமா ராமச்சந்திரன் தோகா நகரில் மகளிர் உலக ஸ்னூக்கர் பட்டத்தை வென்றார். மலை மேல் ஒட்டிய தாளை ஒரு தமிழ்ப்பெண் கழற்றிக் கீழே கொண்டு வந்தார் என்று சொன்னால் மிகையாகாது.

ஆயினும் உண்மையைச் சொல்ல வேண்டும்: ஸ்னூக்கர் மேசை ஏழை வீட்டுக்குள் நுழையாது. பன்னிரண்டடி நீளம், ஆறடி அகலம். பச்சைத் துணியின் அடியில் கற்பலகை. எடை ஒரு டன்னுக்கும் மேல். அதற்கெனத் தனி அறை வேண்டும். அறைக்கு உரியவர் வேண்டும். உரியவர்க்கு வருவாய் வேண்டும். கேரம் பலகையின் பரப்போ பக்கத்துக்கு 74 சென்டிமீட்டருக்கு மேற்படாது. ஒரு சிறுவன் அதனைத் தலையில் தூக்கிச் செல்வான். மழை வந்தால் திண்ணையிலிருந்து கூடத்துக்கு மாறும். ஆட்டம் முடிந்தால் சுவரிற் சாய்ந்து நிற்கும். சென்னையிலிருந்து மூன்று நாள் கப்பலில் பயணம் செய்து தீவுக்கு வருவோர் தம் பெட்டி படுக்கையோடு ஒரு பலகையையும் கட்டிக்கொண்டு வரலாம். மேசையை அவ்வாறு கொண்டு வர எவரால் இயலும்?

கேரம் எங்கே தோன்றிற்று என்பதில் பலர் பலவாறு கூறுவர். இந்தியத் துணைக்கண்டமே அதன் தாயகம் என்பது பெரும்பாலோர் கொள்கை. முதல் உலகப் போருக்குப் பின்னர் மக்களிடையே அது விரைந்து பரவிற்று. பெயரின் வழியோ மேசை ஆட்டத்தையே சுட்டுகிறது. பில்லியர்ட்ஸில் சிவப்புப் பந்துக்குக் கேரம்போல் என்று பெயர். பந்து இரண்டு பந்துகளை அடுத்தடுத்து மோதுவதற்கும் அப்பெயரின் குறுக்கமே வழங்கிற்று. அச்சொல் கரம்போலா என்னும் பழத்தின் பெயரிலிருந்து வந்தது என்றும், அது மராட்டியிலிருந்து போர்த்துகீசியர் வாயிலாக மேலைநாடு சென்றது என்றும் சொல்லாய்வாளர் சிலர் கூறுவர். அவ்வாறாயின், நட்சத்திரப் பழம் என்று நாம் வாங்கும் ஐந்து விளிம்புடைய அப்புளிப்புப் பழமே ஊர் சுற்றி, பெயர் மாறி, நம் தாழ்வாரத்துக்குப் பலகையாகத் திரும்பியிருக்கிறது எனலாம்.

அமெரிக்காவிலும் ஒரு கேரம் உண்டு. மிச்சிகன் மாநிலத்தில் லுடிங்டன் என்னும் ஊரில் ஹென்றி ஹாஸ்கல் என்பவர் ஞாயிற்றுக்கிழமைச் சமயப்பள்ளியில் சிறுவர்க்குக் கற்பித்து வந்தார். ஊர்ச் சிறுவர்கள் பூல் அறைகளிலும் மதுக்கடைகளிலும் சென்று கெடுவதைக் கண்டு வருந்தினார். மேசையை வெறுக்கும் சிறுவனை அவர் கண்டதில்லை. ஆகவே மேசையையே வீட்டுக்குள் கொண்டு வர முடிவு செய்தார். 1890-களின் தொடக்கத்தில், மூலைகளில் பைகளும் விரலாற் சுண்டும் மர வளையங்களும் கொண்ட பலகையொன்றைச் செய்து விற்றார். பூல் அறைக்கு இருந்த கெட்ட பெயரை மேலே நினைவிற் கொள்ளச் சொன்னேன் அல்லவா? அதிலிருந்து பிள்ளைகளைக் காக்க ஒரு தந்தையுள்ளம் கண்ட வழி பலகையாக உருப்பெற்றது. நம் பலகைக்கும் அவர் பலகைக்கும் உள்ள உறவு எத்தகையதாயினும், இரண்டுக்கும் பின்னே இருந்த அச்சம் ஒன்றே. நம் வீடுகளிலும் மகன் கேரம் ஆடப் போகிறான் என்றால் தாயர் முகம் சுளிப்பதுண்டு. 2018-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘வட சென்னை’ திரைப்படத்தின் நாயகன் கேரம் வீரன். அவன் பலகையருகே கத்தியும் குருதியும் உண்டு. அப்படத்தைக் கண்ட பெற்றோரின் அச்சம் கூடியிருக்குமேயன்றிக் குறைந்திராது.

ஆனால் அதே வடசென்னையின் உண்மை வரலாறு வேறு. அதனைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும்.

1958-ஆம் ஆண்டளவில் இந்தியாவிலும் இலங்கையிலும் கேரம் கழகங்களின் கூட்டமைப்புகள் தோன்றிவிட்டன. சர்வதேசக் கேரம் கூட்டமைப்பு 1988-ஆம் ஆண்டில் நம் சென்னையிலேயே நிறுவப்பெற்றது; அதிகாரமுறை விதிநூலும் அவ்வாண்டே வெளிவந்தது. உதகைச் சுவரில் ஒட்டிய தாளுக்கும் இவ்விதிநூலுக்கும் இடைப்பட்ட வேறுபாடு எண்ணத்தக்கது. முன்னையது ஓர் அறைக்குள் இருந்தோர்க்கு எழுதியது. பின்னையது எந்தத் திண்ணையில் இருப்போர்க்கும் எழுதியது. வெள்ளைக் காய் ஒன்பது, கறுப்புக் காய் ஒன்பது, சிவப்பு ஒன்று. காயின் எடை ஐந்து முதல் ஐந்தரை கிராம்; ஸ்டிரைக்கரின் எடை பதினைந்து கிராமுக்கு மேற்படலாகாது. இருபத்தைந்து புள்ளி அல்லது எட்டுப் பலகை முடிந்தால் ஓர் ஆட்டம். இவ்வெண்களில் பணக்காரனுக்கு ஒன்று, ஏழைக்கு ஒன்று என்பதில்லை. விதிக்குட்பட்ட பலகையின் முன் கையும் கண்ணும் தவிர வேறெதுவும் செல்லாது.

சென்னையைச் சேர்ந்த மரிய இருதயம் ஒன்பது முறை தேசியப் பட்டமும், 1991-ஆம் ஆண்டிலும் 1995-ஆம் ஆண்டிலும் உலகப் பட்டமும் வென்றவர். 1996-ஆம் ஆண்டுக்குரிய அர்ஜுனா விருது அவர்க்கு வழங்கப்பட்டது. கேரம் வீரர் ஒருவர்க்கு அவ்விருது கிடைத்தது அதுவே முதன்முறை. அவர்க்குப் பின் வந்தோரைப் பார்க்குமிடத்து வியப்பு மிகுகிறது. வியாசர்பாடியைச் சேர்ந்த இளவழகி, மூன்று சக்கர வண்டி ஓட்டும் தொழிலாளியின் மகள். 2008-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் கான் நகரில் மகளிர் உலகப் பட்டத்தை வென்றார். திரைப்பட விழாவுக்குப் பெயர்போன கடற்கரை நகரம் அது. அங்கே வியாசர்பாடிப் பெண்ணின் விரல் வென்றது. புதுவண்ணாரப்பேட்டையைச் சேர்ந்த காசிமா, ஆட்டோ ஓட்டுநரின் மகள். 2024-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் தனியாட்டம், இரட்டையர், குழு என மூன்று பிரிவிலும் தங்கம் பெற்றார். 2025-ஆம் ஆண்டில் மாலத்தீவில் நடந்த போட்டியில் காசிமேட்டுக் கீர்த்தனா உலகக் கோப்பையைக் கொண்டு வந்தார். காசிமேடு மீன்துறை என்றால் நமக்கு அயலூரன்று. ஜங்லிகாட் துறையின் வலையும் ஐஸ் பெட்டியும் மீன் நாற்றமும் அங்கும் உண்டு.

இப்பெண்கள் வானத்திலிருந்து வீழவில்லை. தெருவோரத்துச் சிறு கழகங்களும், அவற்றுள் பலகைக்கு நேர் மேலே தொங்கும் ஒற்றை விளக்கும், தம் வேலை முடிந்து வந்து ஊதியமின்றிக் கற்றுக்கொடுத்த மூத்தோரும், மாவட்டப் போட்டிகளும் சேர்ந்து உருவாக்கியவர்கள் அவர்கள். தொழில்முறை ஆட்டக்காரர் என்று சொல்லத்தக்கவர் அக்கழகங்களில் ஒருவரும் இரார். பொழுதுபோக்கு ஆட்டக்காரர் என்னும் சொல்லை நாம் ஏளனமாகப் பயன்படுத்துகிறோம். ஆனால் அன்பினால் ஆடுபவர் என்பதே அச்சொல்லுக்கு மேலைநாட்டார் வைத்த மூலப்பொருள்.

இனிப் போட்டியை நடத்தும் முறை பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஆண்டு விழாவை ஒட்டிச் சங்கங்கள் நடத்தும் கேரம் போட்டி பெரும்பாலும் வெளியேற்று முறையிலேயே நடக்கிறது. தோற்றவர் அன்றே வீடு திரும்புவார். பதினாறு இணைகள் பெயர் கொடுத்தால் முதல் நாளே எட்டு இணைகள் போட்டியினின்று நீங்கிவிடும். மறுநாள் அவர்கள் வருவார்களா? வரமாட்டார்கள். இறுதியாட்டத்தன்று பலகையைச் சுற்றி நிற்போர் வென்றவரின் உறவினர் மட்டுமே. பதினைந்தே ஆட்டங்களில் எல்லாம் முடிந்துவிடும் என்பது இம்முறையின் எளிமை. விரைவில் முடிய வேண்டும் என்றால் போட்டியே எதற்கு என்பது என் வினா.

இக்குறையைக் கண்டு லீக் முறையைத் தோற்றுவித்தவர் ஒரு துணிக்கடைக்காரர். வில்லியம் மக்கிரகர் என்னும் ஸ்காத்லாந்தியர், இங்கிலாந்தின் பர்மிங்காமில் கடை வைத்திருந்தவர். கால்பந்துக் கழகமொன்றின் நிருவாகி. கோப்பைப் போட்டியில் தோற்ற கழகங்களுக்கு ஆட்டமில்லை, ஒப்புக்கொண்ட நட்பாட்டங்களும் கடைசி நேரத்தில் தவறுகின்றன என்று கண்டு, ஒவ்வொருவரும் ஒவ்வொருவரோடும் ஆட வேண்டும் என்னும் முறையை 1888-ஆம் ஆண்டில் பன்னிரண்டு கழகங்களோடு தொடங்கினார். லீக் முறையில் தோற்றவர்க்கும் அடுத்த வாரம் வேலை உண்டு. அடியிற் கிடப்பவர் ஒருவரை வீழ்த்தினால் முடியில் இருப்பவரின் நிலையே மாறக்கூடும். ஆகவே எவரும் எவரையும் புறக்கணிக்க இயலாது.

பூல் மேசைக்கு இம்முறை சென்று சேர்ந்த கதை இன்னும் சுவையானது. டெர்ரி பெல், லாரி ஹப்பர்ட் என்னும் இரண்டு தொழில்முறை ஆட்டக்காரர்கள் 1979-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பொழுதுபோக்கு ஆட்டக்காரர்க்கென ஒரு லீக்கைத் தொடங்கினர். அமெரிக்கப் பூல் ஆட்டக்காரர் சங்கம் என்று அது வளர்ந்தது. ஒவ்வொரு ஊரிலும் வாரம் ஒரு நாள். தொழிலாளி, கடைக்காரர், ஆசிரியை, முதியோர் எல்லோரும் ஆடுவர். அவர்கள் செய்த விதிகளுள் ஒன்றைப் படித்தபோது என் உள்ளம் அதிலேயே நின்றுவிட்டது. எட்டுப்பந்து ஆட்டத்தில் ஒவ்வொருவருக்கும் இரண்டு முதல் ஏழு வரை ஒரு திறமை எண் தரப்படும். ஒரு நாளில் ஒரு குழுவிலிருந்து ஆடும் ஐவரின் எண்களைக் கூட்டினால் 23-ஐத் தாண்டலாகாது. ஐந்து வல்லவரைத் திரட்டிவந்தால் எண் முப்பத்தைந்தாகிவிடும், ஆட முடியாது. இரண்டு வல்லவர் வேண்டுமாயின் அவர்களோடு கற்றுக்குட்டிகள் மூவரைச் சேர்த்தே வர வேண்டும். கற்றுக்குட்டிக்கும் வெல்லும் வாய்ப்பு இருக்கும்படி, வல்லவர் கூடுதலான ஆட்டங்களை வென்றாக வேண்டும் என்றும் வகுத்தனர். கற்றுக்குட்டியைச் சேர்த்துக்கொள் என்று அறிவுரை கூறவில்லை. சேர்க்காவிடில் குழுவே இல்லை என்று எண்ணிக்கையால் கட்டிவிட்டனர். ஸ்னூக்கர் என்னும் சொல்லுக்கு என்ன பொருள் என்று மேலே கண்டோம். அச்சொல்லுக்கு உரியவர்க்குப் பட்டியலில் நிலையான இடம் கிடைத்தது ஒரு நூற்றாண்டு கழிந்தே.

நம் குடியிருப்புக்கு இதனை ஒட்டிப் பார்க்கலாம். பதினாறு இணைகளை முழு லீக்காக ஆடச் செய்தால் 120 ஆட்டங்கள், எவராலும் முடியாது. ஆனால் நான்கு இணைகள் கொண்ட நான்கு பிரிவாகப் பகுத்தால் பிரிவுக்கு ஆறு ஆட்டம், ஆக 24. அரையிறுதி இரண்டு, இறுதி ஒன்று, மொத்தம் 27. இரண்டு பலகைகள் இருந்து, மாலைக்குப் பலகைக்கு இரண்டு ஆட்டம் நடந்தால் ஏழு மாலைகளில் முடியும். முதலிரண்டு நாட்களில் தோற்றவரும் மூன்றாம் நாள் வந்தாக வேண்டும். ஏழு மாலைகள் முப்பத்திரண்டு பேர் ஓரிடத்திற் கூடுவது நம் சங்கக் கூட்டங்களில் எளிதிற் காணக்கூடிய காட்சியா என்பதைச் செயலாளர்களே சொல்லட்டும்.

இணை சேர்க்கும் முறையிலும் ஒன்று செய்யலாம். அவரவர் விருப்பப்படி இணை சேர்த்தால் அண்ணன் தம்பியோடும் சம்பந்தி சம்பந்தியோடும் சேர்வர். ஊர்க்காரர் ஊர்க்காரரோடு அமர்வர். புதிதாகக் கப்பலிறங்கி வந்த குடும்பத்துக்கு இணை கிடைக்காது. வல்லவர் ஒருவர்க்குப் புதியவர் ஒருவர் என்று சீட்டுக் குலுக்கிப் போட்டால் இக்குறை தீரும். பெண்களைப் பற்றியும் மறைக்காமல் எழுதுகிறேன். பத்து அகவை வரை நம் பெண் குழந்தைகள் அண்ணன்மாரோடு பலகையில் அமர்ந்து நன்றாகவே சுண்டுகின்றனர். பதின்மூன்றாம் அகவையில் எழுந்து சன்னலருகே நிற்கின்றனர். அவர்களை எழுப்பியவர் எவருமிலர். விதிநூலில் அப்படியொரு விதியுமில்லை. கூடத்தில் ஆண்கள் இருக்கிறார்களே என்று ஒரு குரல் உள்ளிருந்து வரும், அவ்வளவே. மகளிர்க்கெனத் தனி நாள் ஒதுக்குவது சில இடங்களில் உள்ள வழக்கம். அது நல்லதே, ஆனால் கலப்பு இணை ஆட்டத்தில் தந்தையும் மகளும் எதிரெதிரே இணையாக அமரக் கண்ட ஊர், மறுமுறை அவளை எழுந்திரு என்று சொல்லத் தயங்கும். வியாசர்பாடியிலும் புதுவண்ணாரப்பேட்டையிலும் தந்தையர் தயங்கியிருந்தால் மேலே எழுதிய பத்தியை நான் எழுதியிருக்க முடியாது.

கேரத்தில் சிவப்புக் காய்க்கு ஒரு விதி உண்டு என்பதை எல்லோரும் அறிவர். அதனைக் குழியில் வீழ்த்தினால் போதாது. உடனே தன் காயொன்றையும் வீழ்த்தியாக வேண்டும். இல்லையேல் சிவப்பு மீண்டும் நடுவே வந்துவிடும். ஃபாலோ என்று சிறுவர் அதனைக் கூறுவர். சென்ற ஞாயிறு மாலை ஒரு தாழ்வாரத்தில் இவ்விதியைப் பற்றியே சச்சரவு நிகழ்ந்தது. ஒரே சுண்டலில் சிவப்பும் வெள்ளையும் சேர்ந்து வீழ்ந்தால் கணக்கு உண்டா என்பது வினா. இரு பெரியவர்கள் இருவேறு விதமாகச் சொன்னார்கள். குரல் உயர்ந்தது. சன்னலருகே நின்றிருந்த பன்னிரண்டு அகவைச் சிறுமி ஒருத்தி, அது செல்லும் என்று விதிப்படி விளக்கிச் சொன்னாள். அவள் சொன்னதே சரி. பெரியவர் ஒருவர் நகர்ந்து இடம் விட்டார், அவள் அமர்ந்தாள். பலகையின் மேல் மாவு தூவி, காய்களைப் புதிதாக அடுக்கினார்கள்.